இரண்டு மருந்து, ஒரு டப்பா: கூட்டு இன்ஹேலரைப் பாதுகாப்பாக எடுப்பது எப்படி

தீபாவளி முடிந்து டெல்லி வானம் சாம்பல் நிறமாகும் வாரத்தில், மயூர் விஹாரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் உள்ள தமிழ் வீடுகளில் இரண்டு அறிவுரைகள் சுற்றிவரும். "காத்து மோசமா இருக்கு, ரெண்டு பஃப் கூட இழுத்துக்குங்க" என்பது ஒன்று. "அதுல ஸ்டீராய்டு இருக்காம், பழகிடும், கொஞ்சம் சரியானதும் நிறுத்திடுங்க" என்பது இன்னொன்று. சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டுமே ஆளை மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடியவை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கூட்டு இன்ஹேலருக்குள் இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்றின் வேலை மட்டுமே நமக்கு உணர்வில் தெரிகிறது. மற்றது வேலை செய்வதே தெரியாது. தெரிகிற மருந்தை வைத்து டப்பா முழுவதையும் எடைபோட்டுவிடுகிறோம்.

## குழாய் ஏன் குறுகுகிறது

முனிர்கா கிராமத்துச் சந்து ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் தள்ளுவண்டிகள் நெருக்கி நிற்கின்றன. சாக்கடை நீர் ஊறி ஊறிச் சுவர்ப் பூச்சு உப்பி வழியை அடைக்கிறது. நடுவில் சேறு. ஒரு போலீஸ்காரர் வந்து விரட்டினால் வண்டிகள் ஐந்து நிமிடத்தில் நகரும், ஆட்கள் நடப்பார்கள். சாக்கடையைச் சரிசெய்து சுவர் காய்வதற்கு வாரக்கணக்காகும். சாக்கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியை மட்டும் தினமும் விரட்டினால் சந்து திறந்திருப்பதுபோலத்தான் தெரியும். சுவர் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும்.

ஆஸ்துமாவில் நுரையீரலுக்குப் போகும் மூச்சுக்குழாய்களுக்கும் இதுதான் நடக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, அது வண்டி. குழாயின் உட்சுவர் வீங்குகிறது; அது ஊறிய சுவர். இந்த வீக்கத்துக்கு அழற்சி என்று பெயர். தூசு, புகை, மகரந்தம், சளிக்கிருமி என எதையோ எதிர்த்து உடம்பின் தற்காப்பு அணுக்கள் திரண்டு வந்து சுவரைச் சிவக்கவும் வீங்கவும் வைக்கின்றன. கூடவே கோழை சுரக்கிறது, அது சேறு.

தசை இறுகினால் உடனே தெரியும்: விசில் சத்தம், மார்பு இறுக்கம், நாம் "வீசிங்" என்று சொல்வது. அழற்சிக்குச் சத்தம் இல்லை. வீசிங் இல்லாத நாளிலும் அது இருக்கும்.

சி.ஓ.பி.டி. என்பது வேறு நோய். பல ஆண்டு சிகரெட், பீடிப் புகையாலோ, ஊரில் விறகடுப்பு முன் கழிந்த காலத்தாலோ நுரையீரல் நிரந்தரமாகச் சேதமடைந்திருக்கும். ஆஸ்துமாவில் குழாய் குறுகும், மருந்தால் திரும்ப விரியும். சி.ஓ.பி.டி.யில் முழுதாகத் திரும்பாது. இரண்டுக்கும் ஒரே இன்ஹேலர் எழுதப்படலாம். ஆனால் எடுக்கும் விதிகள் ஒன்றல்ல. அதனால் உங்களுக்கு எது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனைதான் அதைச் சொல்லும்.

## டப்பாவுக்குள் இருக்கும் இருவர்

வண்டியை நகர்த்துவது நீள்நேர விரிப்பான். இறுகிய தசையைத் தளர்த்தி, சுமார் 12 மணி நேரம் அப்படியே வைத்திருக்கும். ஃபார்மோடெராலும் சால்மெட்ராலும் இந்த வகை. ஃபார்மோடெரால் இழுத்த ஒன்று முதல் மூன்று நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடும். சால்மெட்ரால் மெதுவானது, 10, 20 நிமிடம் போக வேண்டும்.

சுவரைக் காயவைப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு: புடெசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்றவை. இவை அழற்சியைத் தூண்டும் பொருள்களின் உற்பத்தியையே குறைப்பவை. அதற்கு நாள் பிடிக்கும். சில நாட்களில் மாற்றம் தொடங்கி, முழுப் பலன் வர வாரங்கள் ஆகும். நிறுத்தினாலும் அப்படித்தான். அன்றே ஒன்றும் ஆகாது. ஒரு வாரமோ இரண்டு வாரமோ நன்றாகவே இருக்கும், பிறகு ஒரு இரவில் வரும். அந்த நல்ல வாரம்தான் பலரை ஏமாற்றுகிறது.

ஃபோராகார்ட் என்பது புடெசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்தது. செரோஃப்ளோ என்பது ஃப்ளூட்டிகசோனும் சால்மெட்ராலும் சேர்ந்தது. பெயருக்குப் பின்னால் வரும் 100, 200 என்ற எண் ஸ்டீராய்டின் அளவை மைக்ரோகிராமில் சொல்வது; விரிப்பானின் அளவு அந்த எண்ணில் இல்லை. ஃபோராகார்ட் 100-லும் 200-லும் ஃபார்மோடெரால் 6 மைக்ரோகிராம்தான். ஆகவே கடையில் 200 இல்லையென்று 100 வாங்கி இரண்டு மடங்கு இழுத்தால் ஸ்டீராய்டு சரியாக இருக்கும், ஃபார்மோடெரால் இரட்டிப்பாகும். கைநடுக்கமும் படபடப்பும் அங்கிருந்துதான் வரும். மாற்றி வாங்க வேண்டுமென்றால் மருத்துவரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

## இரண்டையும் ஏன் சேர்த்தார்கள்

அமெரிக்காவில் 26,000-க்கும் மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளிடம் 28 வார ஆய்வு ஒன்று நடந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு சால்மெட்ரால், மற்றதற்கு மருந்தில்லாத போலி இன்ஹேலர். 2006-ல் வெளியான முடிவில், ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சால்மெட்ரால் பிரிவில் 13 பேர், மற்றதில் 3 பேர். பலர் ஸ்டீராய்டு எடுக்காமல் விரிப்பானை மட்டும் நம்பியிருந்தார்கள். மூச்சு லேசாக இருந்ததால், உள்ளே வளரும் அழற்சி தெரியாமல் போயிருக்கலாம். பிறகு ஸ்டீராய்டும் விரிப்பானும் ஒரே டப்பாவில் இருக்கும் இன்ஹேலர்களை வைத்துப் பெரிய ஆய்வுகள் நடந்தபோது அந்தக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. 2017 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கூட்டு இன்ஹேலர் பெட்டிகளில் இருந்த கடும் எச்சரிக்கையை நீக்கியது.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: ஆஸ்துமா உள்ளவர் நீள்நேர விரிப்பானைத் தனியாக எடுக்கக் கூடாது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: உடனே தெரிவது தசை தளர்வது. உயிரைக் காப்பது பெரும்பாலும் தெரியாமல் நடக்கும் அழற்சிக் குறைப்பு. முதலாவதற்கு நிமிடக் கணக்கு, இரண்டாவதற்கு வாரக் கணக்கு.

## திடீர் இழுப்புக்கு எது

இங்கேதான் குழப்பம் அதிகம். அஸ்தாலின் என்பது சால்புடமால். சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தி நான்கு, ஆறு மணி நேரத்தில் போய்விடும் உடனடி நிவாரணி. டியோலின் என்ற இன்ஹேலரிலும் இரண்டு மருந்து இருப்பதால் அதையும் கூட்டு இன்ஹேலர் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த இரண்டும் விரிப்பான்களே, ஸ்டீராய்டு அதில் இல்லை. டப்பாவின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மருந்தின் பெயரைப் படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் டப்பாமீது பிளாஸ்டர் ஒட்டித் தமிழில் "காலை, இரவு" என்றும் "அவசரத்துக்கு" என்றும் எழுதிவிடுங்கள்.

சால்மெட்ரால் உள்ள கூட்டு இன்ஹேலரைத் திடீர் இழுப்புக்கு எடுக்கவே கூடாது. அது தொடங்குவதற்குள் பதற்றத்தில் நான்கைந்து முறை இழுத்துவிடுவார்கள். அத்தனையும் பிறகு ஒன்றாகச் சேர்ந்து இதயத்தைப் படபடக்க வைக்கும்.

புடெசோனைடு–ஃபார்மோடெரால் இதற்கு விதிவிலக்கு. ஃபார்மோடெரால் சீக்கிரம் வேலை செய்வதால், ஆஸ்துமாவுக்கு இதையே தினசரி மருந்தாகவும் அவசர மருந்தாகவும் எடுக்கச் சொல்லும் முறை இருக்கிறது. ஆஸ்துமாவுக்கான ஜினா என்ற உலகளாவிய வழிகாட்டுதல், 2019 முதல் சால்புடமாலை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை. ஆனால் இந்த முறை உங்கள் மருந்துச் சீட்டில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால்தான் உங்களுக்கு. பெரியவர்களுக்கு, 6 மைக்ரோகிராம் ஃபார்மோடெரால் உள்ள இன்ஹேலரில், காலை மாலை டோஸையும் சேர்த்து ஒரு நாளில் 12 பஃப் என்பதே உச்ச வரம்பு. அந்த எண்ணை நெருங்கும் நாள் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள். சி.ஓ.பி.டி.க்கு இந்த முறை பொருந்தாது.

சால்புடமால் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 200 பஃப் உள்ள டப்பா ஆண்டுக்கு மூன்று தீர்ந்தால், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள்.

## இழுக்கும் முறை: எங்கே தவறுகிறது

கையால் அழுத்தும் பம்ப் வகையில், சரியாக இழுத்தாலும் மருந்தில் சிறு பங்குதான் நுரையீரலை அடையும். மிச்சம் வாயிலும் தொண்டையிலும் படியும். தவறாக இழுத்தால் அந்தச் சிறு பங்கும் போகாது. "மருந்து கேட்கவில்லை" என்று டோஸை ஏற்றுவதற்கு முன், இழுக்கும் முறையை மருத்துவர்முன் ஒருமுறை செய்து காட்டுங்கள். இது பத்து நிமிட வேலை, பல நேரம் டோஸ் ஏற்ற வேண்டிய தேவையே இருக்காது.

மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதிக்குள் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். பையில் மூடியில்லாமல் கிடந்த இன்ஹேலருக்குள் நாணயமோ மாத்திரை உறைத் துண்டோ நுழைந்து, இழுக்கும்போது தொண்டைக்குள் போகலாம். புது டப்பாவையும் பல நாள் எடுக்காத டப்பாவையும் உள்ளிருக்கும் தாளில் சொன்ன எண்ணிக்கைப்படி காற்றில் அடித்துத் தயார் செய்யுங்கள். அப்போது முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். ஒவ்வொரு பஃப்புக்கு முன்னும் நன்றாகக் குலுக்க வேண்டும். மருந்து திரவத்தில் கலங்கலாக மிதப்பது; குலுக்காவிட்டால் ஒரு பஃப் நீர்த்தும் அடுத்தது கெட்டியாகவும் வரும்.

நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். உதடுகளால் வாய்ப்பகுதியை இறுக மூடி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் ஒருமுறை அழுத்துங்கள். நான்கைந்து நொடி மெதுவாக இழுத்துக்கொண்டே இருங்கள். பத்து நொடி, அல்லது முடிந்தவரை, மூச்சை அடக்குங்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் கழித்து, மீண்டும் குலுக்கி இரண்டாவது பஃப்.

அழுத்துவதும் இழுப்பதும் ஒரே கணத்தில் சேராமல் போவதே பெரிய தவறு. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாய் இதற்காகவே இருக்கிறது. மருந்து முதலில் அதற்குள் நிற்கும், நீங்கள் உள்ளிழுக்கலாம். தொண்டையில் படிவதும் குறையும். குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். எழுபது வயது தாத்தாவுக்கும், நன்றாக இழுக்கத் தெரிந்தவருக்கும் நல்லதே. ஒருமுறைக்கு ஒரே பஃப் அடியுங்கள், அடித்த சில நொடிகளுக்குள் இழுங்கள். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் உட்பக்கம் துடைத்தால் நிலைமின் ஏறி மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ரோட்டாஹேலர் போன்ற பொடி வகைக்கு முறை நேர் எதிர். இங்கே குலுக்குவது இல்லை, மெதுவாக இழுப்பதும் இல்லை. உங்கள் மூச்சின் வேகம்தான் பொடியைக் கிளப்புகிறது, எனவே வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதிவிடாதீர்கள், மூச்சின் ஈரத்தில் பொடி கட்டிவிடும். கேப்ஸ்யூலை இழுக்கும் நேரத்தில் மட்டும் புட்டியிலிருந்து எடுங்கள். இழுத்தபின் திறந்து பாருங்கள். பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுங்கள். மாத்திரை என்று நினைத்து கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுவதும் நடக்கிறது. விழுங்கிய மருந்தால் நுரையீரலுக்குப் பயனில்லை. இந்தப் பொடியில் பெரும்பாலும் லாக்டோஸ் கலந்திருக்கும். பால் புரதத்துக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

டப்பாவில் மருந்து மிச்சமிருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது தவறான கணக்கு தரும், வால்வும் அடைக்கும். எண்காட்டி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் கணக்கு எளிது: 120 பஃப் டப்பா, காலை இரண்டு மாலை இரண்டு என்றால் 30 நாள். தொடங்கிய தேதியை டப்பாவிலேயே எழுதுங்கள். மருந்து தீர்ந்த பிறகும் வாயு "புஸ்" என்று வரும். அந்தச் சத்தத்தை நம்பக் கூடாது.

## வாய் கொப்பளிப்பது

ஒவ்வொரு முறையும் எடுத்தபின் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, தொண்டை வரை கார்கிள் செய்து, துப்பிவிடுங்கள், விழுங்காதீர்கள். வாயில் படிந்த ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் பூஞ்சை வளர்ந்து, நாக்கிலும் அண்ணத்திலும் தயிர்த் திட்டுப்போல வெள்ளைப் படலம் வரும். குரல் கம்மும். பல் துலக்கும் முன் இன்ஹேலர் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. முகமூடி வைத்த ஸ்பேசரில் குழந்தைக்குக் கொடுத்தால் முகத்தையும் துடைத்துவிடுங்கள்.

## ஸ்டீராய்டு பயம்

பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஆனால் அளவு தெரியாமல் பயப்படுகிறோம். இன்ஹேலரில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. தாக்குதல் முற்றினால் கொடுக்கும் ப்ரெட்னிசோலோன் மாத்திரை மில்லிகிராம் கணக்கு, ஆயிரம் மடங்கு பெரிய அலகு. தினசரி இன்ஹேலரை விட்டுவிட்டு வருடத்துக்கு இரண்டு முறை தாக்குதலில் மாத்திரை எடுப்பவர்தான் அதிக ஸ்டீராய்டை உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்.

அதே நேரத்தில், அதிக டோஸை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் கண்புரை, கண் அழுத்தம், எலும்பு மெலிதல் ஆகியவற்றுக்கு வாய்ப்பு கூடும். குழந்தைகளின் உயரம் சற்றே குறையலாம். சர்க்கரை நோயாளிகள் அளவைக் கவனிக்க வேண்டும். அதனால்தான் நோய் கட்டுக்குள் வந்து மாதங்கள் நிலைத்ததும் மருத்துவர் டோஸைப் படிப்படியாகக் குறைப்பார். அதிக டோஸில் இருப்பவர் தானாகச் சட்டென்று நிறுத்தினால், உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைப் போதுமான அளவு சுரக்காமல் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது என்று போகலாம். கர்ப்பம் தெரிந்ததும் பயந்து நிறுத்துவதும் தவறு. தாய்க்கு மூச்சு கட்டுக்குள் இல்லையென்றால் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும்.

## சேர்ந்தால் சிக்கல் தரும் மருந்துகள்

டெல்லியில் ஒரு மருத்துவர், விடுமுறையில் சென்னையில் ஒரு மருத்துவர் என்று பார்ப்பவர்களிடம் ஒரு ஆபத்து இருக்கிறது: இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு கூட்டு இன்ஹேலர்களை ஒரே நேரத்தில் எடுப்பது. பெயர் வேறு, உள்ளே அதே வகை. சில இருமல் சிரப்களிலும் டெர்ப்யூட்டலினோ லெவோசால்புடமாலோ இருக்கிறது. அதுவும் சேர்ந்தால் நடுக்கம், படபடப்பு, தசைப்பிடிப்பு, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு வரை போகலாம்.

படர்தாமரைக்கு இட்ராகோனசோல் மாத்திரை சாதாரணமாக எழுதப்படுகிறது. அது இன்ஹேலர் ஸ்டீராய்டை உடம்பு வெளியேற்றுவதைத் தடுத்து ரத்தத்தில் தேங்க வைக்கும். தோல் மருத்துவரிடம் இன்ஹேலர் பற்றிச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ப்ரொப்ரனலோலும், கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்தும் மூச்சுக்குழாயை இறுக்கக்கூடியவை. கண்ணில் விடும் ஒரு சொட்டு எப்படி நுரையீரலைத் தொடும் என்று கேட்பார்கள். மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்துதான். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் இழுப்பைக் கிளப்பும்.

சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரால் நிமோனியா வாய்ப்பு சற்றுக் கூடும். காய்ச்சல், சளியின் நிறம் மாறுதல், மூச்சு திடீரென மோசமாதல் என்றால் "வழக்கமான குளிர்கால இருமல்" என்று தள்ளிப்போடக் கூடாது. முன்பு காசநோய் வந்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

## டெல்லிக் குளிர்காலத்தில்

காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டினால் "மிக மோசம்", 400-ஐத் தாண்டினால் "கடுமை". அந்த நாட்களில் கூட்டு இன்ஹேலரைத் தானாகக் கூட்டுவதால் அழற்சி அன்றே அடங்காது. விரிப்பானின் பக்கவிளைவுதான் கூடும். அக்டோபர் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து, குளிர்காலத்துக்கு என்ன டோஸ், மோசமானால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனம் இதற்கென்றே இருக்கும் அரசு நிறுவனம்.

விடியற்காலையில் புகை தரையோடு படிந்திருக்கும், நடைப்பயிற்சியை வெயில் வந்தபின் வையுங்கள். வீட்டுக்குள்ளும் புகை இருக்கிறது: கொசுவர்த்தி, ஊதுவத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, மிளகாய் தாளிக்கும் நெடி. ஜன்னலை மூடிவிட்டு சாம்பிராணி போடுவது ஆஸ்துமா உள்ள வீட்டில் வேண்டாம், விளக்கு மட்டும் போதும்.

ஜனவரிக் குளிரில் பம்ப் டப்பா சில்லிட்டுப் போனால் மருந்து சரியாகச் சிதறாது. உள்ளங்கையில் சற்று நேரம் வைத்து சூடாக்கிக் குலுக்கி எடுங்கள், ஹீட்டர்மீது வைக்காதீர்கள். மே மாதத்தில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டால் டப்பா வெடிக்கும் அபாயம் உண்டு.

## எப்போது ஓட வேண்டும்

மருந்தை இழுத்த உடனேயே வீசிங் கூடினால், அந்த இன்ஹேலரை மறுபடி எடுக்காதீர்கள். உடனடி நிவாரணியை எடுத்து மருத்துவரிடம் போங்கள். அரிதாக நடப்பது, ஆனால் நடப்பது.

ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு போதாமை, உதடோ நகமோ நீலமாதல், விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளே இழுத்தல், நிவாரணி எடுத்து நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்படுதல், தூக்கக் கலக்கம், குழப்பம்: இவற்றில் எது இருந்தாலும் 112-ஐ அழையுங்கள். விசில் சத்தம் திடீரென நின்று ஆள் இன்னும் திணறினால், அது குணமல்ல; காற்றே உள்ளே போகவில்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். சால்புடமாலை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு விட்டு, நான்கு பஃப் கொடுங்கள். நான்கு நிமிடம் பார்த்துவிட்டு, தேறவில்லை என்றால் மறுபடி நான்கு. பயன்படுத்தும் இன்ஹேலர்கள் எல்லாவற்றையும், இருமல் சிரப் புட்டி உட்பட, ஒரு பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போங்கள். வழியிலேயே மூச்சு சீரானாலும் திரும்பிவிடாதீர்கள். தசை தளர்ந்திருக்கும், அழற்சி அப்படியே இருக்கும்; சில மணி நேரம் கழித்து இரண்டாவது முறை வரலாம்.